கயத்தாறு முதல் பினாங்கு வரை

பாளையக்காரர் காலம் – 17

ஜாக்சன் துரையைத் தெரியாத தமிழர் இல்லை. 1959-ல் பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அந்தக் கலெக்டரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளின் வாய்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மாறுவேடப் போட்டி என்றால் இன்றைக்கும் ஒரு கட்டபொம்மன் மேடையேறாமல் இருப்பதில்லை. ஆனால் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறியபோது ஜாக்சன் பதவி இழந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. படை நடத்தி வந்தவர், கோட்டையை வளைத்தவர், விசாரணை என்ற பெயரில் ஒரு சபையைக் கூட்டியவர், தூக்கிலிடச் சொன்னவர் எல்லாம் ஒரே ஆள்தான்: மேஜர் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன்.

சென்ற வாரம் 1799 அக்டோபர் 16-ல், கயத்தாற்றுப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். அந்த மரத்தடிக்குப் பிறகு நம்முடைய கதை கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பக்கம் போகும். அதற்கு முன்னால் பானர்மேனின் பின்னால் கொஞ்சதூரம் போய்வர வேண்டியிருக்கிறது. அவருடைய பாதை லண்டன் பார்லிமெண்டுக்குப் போகிறது; அங்கிருந்து கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது; கடைசியில் மலாய்க் கடலில் ஒரு தீவில் முடிகிறது. அந்தத் தீவில் நம்மவர்கள் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

பானர்மேன் பிறந்தது 1759-ல். கட்டபொம்மன் பிறந்தது 1760 ஜனவரி 3. ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். பானர்மேன் இளம் வயதிலேயே கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து, மைசூரோடு கம்பெனி மல்லுக்கு நின்ற காலம் முழுக்கத் தென்னிந்தியாவிலேயே வளர்ந்த அதிகாரி. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு மாண்டார். அதுவரை மைசூரைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியின் துப்பாக்கிகளுக்கு வேறு வேலை இல்லை. தெற்கே பாளையக்காரர்கள் கிஸ்தி கட்ட மறுக்கிறார்கள், ஒருவரோடொருவர் கூடிப் பேசுகிறார்கள் என்று கலெக்டர் லூஷிங்டன் எழுதி எழுதி அலுத்திருந்தார். திருச்சி, தஞ்சை, மதுரைப் படைகளைத் திருநெல்வேலிச் சீமைக்கு நகர்த்தும் உத்தரவு பிறந்தது. தலைமை பானர்மேனுக்கு. அவர் கையில் சென்னை அரசு கொடுத்த அதிகாரம் சாதாரணப் படைத்தலைவனுக்கு உரியது இல்லை. பிடிபட்டவரை விசாரிக்கலாம், உயிர்த்தண்டனை விதிக்கலாம், அதை அங்கேயே நிறைவேற்றலாம். மேல்முறையீடு, மறுவிசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த ஆறு வாரங்களில் நடந்தது எல்லாம் புரிந்துவிடும்.

செப்டம்பர் முதல் தேதி எச்சரிக்கை போனது: பாளையங்கோட்டைக்கு வந்து ஆஜராக வேண்டும். கட்டபொம்மன் வரவில்லை. 5-ம் தேதி படை பாஞ்சாலங்குறிச்சியில் நின்றது.

ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கரிசல்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒளிந்துகொள்ள ஒரு குன்றுகூடக் கிடையாது. கிழக்கே தூத்துக்குடிக் கடல்வரை கண்ணுக்கெட்டியதெல்லாம் வெட்டவெளிதான். அந்த வெட்டவெளியில் ஒரு மண்கோட்டை. சுற்றிலும் முள்வேலி. இதை எடுக்கப் பெரிய பீரங்கி எதற்கு என்று பானர்மேன் நினைத்திருக்க வேண்டும். ராமலிங்க முதலியாரைத் தூது அனுப்பிச் சரணடையச் சொன்னார். போனவர் கோட்டைக்குள் என்ன இருக்கிறது, எங்கே பலவீனம் என்று பார்த்துக்கொண்டு வந்தார். கட்டபொம்மன் மசியவில்லை. கூடுதல் படை வந்து சேரும்வரை பொறுக்காமல் தாக்குதல் தொடங்கியது. முதல் மோதலிலேயே கம்பெனிக்குப் பலத்த அடி. லெப்டினன்ட் காலின்ஸ் உட்பட வெள்ளை அதிகாரிகள் சிலர் அங்கேயே விழுந்தார்கள். வெள்ளையர் கல்லறைகள் இன்றும் அந்த வட்டாரத்தில் நிற்கின்றன. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

கூடுதல் படையும் பீரங்கியும் வந்தால் மண்சுவர் தாங்காது என்று கட்டபொம்மனுக்குத் தெரியும். இருட்டோடு இருட்டாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்துப் படை துரத்தியது. கோலார்பட்டியில் சண்டை நடந்தது. கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். செப்டம்பர் 13-ல் நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டு, தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைத்தார்கள். ஆணை பானர்மேனுடையது. புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் கட்டபொம்மன் பிடிபட்டுத் தொண்டைமானால் ஒப்படைக்கப்பட்டபோது, முடிவு என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

கயத்தாற்றில் நடந்ததைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். கம்பெனிக்கு அடங்கிய பாளையக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து உட்காரவைத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரே குற்றச்சாட்டுகளைப் படித்தார்கள். கிஸ்தி பாக்கி, கலெக்டர் அழைத்தபோது வராதது, சிவகிரி விவகாரத்தில் தலையிட்டது, கம்பெனிப் படைமீது சுட்டது. கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றே தூக்கு. கூட்டியிருந்தவர்களுக்கு பானர்மேன் அங்கேயே ஒரு உத்தரவும் போட்டார்: கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரணம். தண்டிக்கப்படுகிற ஒருவனைவிட அதைப் பார்த்துக்கொண்டிருந்த பலர்தான் அன்றைய நடவடிக்கையின் இலக்கு.

இங்கே பானர்மேனுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். மறுநாள் அவர் சென்னை அரசுக்கு எழுதிய கடிதம் இல்லாவிட்டால் கட்டபொம்மனின் கடைசி நேரம் நமக்கு வெறும் கதைப்பாடலாகவே மிஞ்சியிருக்கும். அந்தக் கடிதத்தில் அவர் தன் கைதியைச் சிறுமைப்படுத்தவில்லை. விசாரணை முழுக்கக் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு பார்த்ததையும், தூக்குமரத்துக்கு நிமிர்ந்தே நடந்து போனதையும், கோட்டையை விட்டு வந்தது தவறு, அங்கேயே சண்டையிட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தியதையும் அவர்தான் பதிவு செய்திருக்கிறார். ஊர்ப்பாட்டும் கொன்றவனின் அறிக்கையும் ஒரே சித்திரத்தைத் தருவது வரலாற்றில் அபூர்வம். கட்டபொம்மன் விஷயத்தில் அது நடந்திருக்கிறது. வீரத்தை மறைக்காமல் எழுதிய அதே கை, சுப்பிரமணிய பிள்ளையின் தலையைக் கம்பத்தில் நடச் சொன்ன கை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சி ஊர்கள் எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் மேல்மாந்தைக்கும் பங்கு போடப்பட்டன. ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனார்கள். சென்னை அரசு பானர்மேனைப் பாராட்டியது. சிறிது காலத்தில் மேஜர் டூரிங்கிடம் படைப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் சீமைக்குக் கப்பலேறினார். அத்தோடு நம்முடைய பாடப்புத்தகங்களில் அவர் கதை முடிந்துவிடுகிறது.

சீமையில் அது தொடர்ந்தது. 1807-ல் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. அதில் சர்ரே மாவட்டத்து பிளெச்சிங்லி தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போன உறுப்பினர்களில் ஒருவர் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன்.

பிளெச்சிங்லியில் தேர்தல் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். அது ஒரு சிறிய ஊர். குறிப்பிட்ட சில வீடுகளுக்கு மட்டும்தான் ஓட்டு. அந்த வீடுகள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் சொல்கிற ஆள்தான் உறுப்பினர். பெரிய பெரிய தொழில் நகரங்களுக்கு ஓர் இடம்கூட இல்லாத காலத்தில் இந்தச் சிற்றூருக்கு இரண்டு இடங்கள் இருந்தன. 1832 சீர்திருத்தச் சட்டம் வந்து இப்படிப்பட்ட தொகுதிகளைத் துடைத்தெறியும்வரை, இந்தியாவில் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பியவர்கள் பார்லிமெண்டுக்குள் நுழைய இவையே வாசல். இந்தியப் பணத்தில் மாளிகை கட்டி, இந்தியப் பணத்தில் தொகுதி வாங்கி உட்கார்ந்தவர்களை அந்த நாட்டு மக்களே 'நபாப்' என்று பெயர் வைத்து வெறுத்தார்கள்.

பானர்மேன் மட்டும் விதிவிலக்காக அங்கே போய்ச் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியின்மேல் கைவைத்தவர்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1783-ல், வீரபாண்டியனின் தந்தை காலத்தில், கோட்டையைப் பிடித்துக் கொள்ளையடித்த கர்னல் வில்லியம் புல்லார்ட்டன் அதற்கு முன்பும் பார்லிமெண்ட் உறுப்பினர், பின்பும் உறுப்பினர். ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் தொகுதிக்குப் பல ஆண்டுகள். 1801-ல் ஊமைத்துரையோடு மோதித் தோற்றுத் திரும்பிய மேஜர் காலின் மெக்காலே 1826-ல் கார்ன்வாலின் சால்டாஷ் தொகுதி உறுப்பினர். நமக்கு ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த மெக்காலே பிரபுவுக்கு இவர் பெரியப்பா முறை.

கலெக்டர் லூஷிங்டன்? பானர்மேன் ஜெயித்த அதே 1807 தேர்தலில் அவர் ரை தொகுதியில் ஜெயித்தார். பிறகு கேன்டர்பரி தொகுதி, கருவூலத்தில் செயலாளர் பதவி. 1827-ல் சென்னை மாகாணத்தின் கவர்னராகவே திரும்பி வந்து ஐந்து ஆண்டு ஆண்டார். திப்புவை வீழ்த்திய ஜெனரல் ஹாரிஸின் மருமகன் அவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; 1798-ல் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக கவர்னராக இருந்ததும் அதே ஹாரிஸ்தான். திருச்செந்தூர் முருகனுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் காணிக்கை கொடுத்த துரை என்று கோயில் கதைகளில் வருகிற லூஷிங்டனும் இவரே.

நான்கு பேர். ஒரு சின்னக் கரிசல்காட்டுப் பாளையம், முத்துக்குளிக்கும் கடலோரத்துக்கு அரைநாள் நடைதூரத்தில் இருந்த ஒரு மண்கோட்டை, இத்தனை பேரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கமாக இருக்கிறது. நமக்கு அது ஒரு வம்சத்தின் அழிவு. அவர்களுக்குப் பணிக்காலத்தில் ஒரு படி. வழக்கறிஞர் இல்லாத விசாரணையில் ஒரே நாளில் தீர்ப்பும் தண்டனையும் முடித்தவர், எட்டு ஆண்டில் சட்டம் இயற்றும் சபையில் போய் உட்கார முடிந்தது. அங்கே யாரும் அவரைக் கயத்தாறு பற்றிக் கேட்கவில்லை. பாளையக்காரர்களைத் தீர்த்துக்கட்டியதை அந்த நாடு போர் என்றுகூடக் கணக்கில் வைக்கவில்லை, நிர்வாகக் காரியமாக வைத்திருந்தது.

பார்லிமெண்டில் பானர்மேன் தங்கியது ஓராண்டுதான். 1808-ல் இடத்தை விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரானார். லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கம்பெனி மாளிகையில் 24 டைரக்டர்கள் உட்கார்ந்து இந்தியாவின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்துக்காக யாரும் அந்தப் பதவிக்கு அலையவில்லை. இந்தியாவுக்குப் போகும் எழுத்தர், இளம்படை அதிகாரி வேலைகளுக்கு ஆள் நியமிக்கும் உரிமை டைரக்டர்களிடம் இருந்தது. மகனுக்கு, மருமகனுக்கு, நண்பரின் பிள்ளைக்கு ஒரு நல்ல வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்கிற சக்தி அது. 1813-ல் கம்பெனியின் இந்திய வாணிப ஏகபோகத்தைப் பார்லிமெண்ட் பறித்தபோதும் பானர்மேன் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தார். 1817-ல் அங்கிருந்தே ஒரு கவர்னர் பதவி அவருக்கு வந்தது. 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று கம்பெனி பெயர் வைத்திருந்த பினாங்கு. நவம்பரில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 58.

பினாங்கை 1786-ல் பிரான்சிஸ் லைட் பிடித்ததிலிருந்தே தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வணிகம் செய்யப் போன தமிழ் முஸ்லிம்கள், படகோட்டிகள், கூலிகள், கணக்கப்பிள்ளைகள். காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு பானர்மேன் வந்தபோதே வயது பதினாறு. இவர்கள் பிழைப்புத் தேடிப் போனவர்கள். சங்கிலியோடு போனவர்களும் இருந்தார்கள்.

1801 நவம்பருக்குள் பாளையக்காரர்களின் எதிர்ப்பெல்லாம் முடிந்திருந்தது. ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த சிவகங்கை மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினார்கள், ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலேறினார். மிச்சமிருந்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கம்பெனி நாடு கடத்தியது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் அவர்களை ஏற்றினார்கள். சிவகங்கைச் சீமையின் அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இருந்தார், பதினைந்து வயதுப் பையன். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களும் இருந்தார்கள். முத்துச் சலாபம் நடக்கும் மாதங்களில் இலங்கைவரை தோணிகள் கலகலக்கும் கடல் அது. கரிசல்காட்டிலும் மறவர் சீமையிலும் பிறந்து வளர்ந்த இவர்கள் கைவிலங்கோடு அந்தக் கடலைத் தாண்டினார்கள். இரண்டு மாதத்துக்கும் மேல் பயணம். ஏப்ரல் கடைசியில் பினாங்கு. வேங்கன் பெரிய உடையத் தேவர் அந்த ஆண்டே சுமத்ராவின் பென்கூலனில் இறந்தார்.

இந்தக் கைதிகளைத் தூத்துக்குடியில் காவல் காத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. இந்தத் தொடரில் இனிமேல் அடிக்கடி வரப்போகிற பெயர். மதுரையில் இளம் அதிகாரியாக இருந்த நாளில் சின்ன மருதுவோடு பழகி, வேல் எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார். 1830-ல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளில் ஒரு சந்திப்பு வருகிறது. 1818-ல் அவர் பினாங்கில் இருந்தபோது, வற்றி மெலிந்த, கிழடு தட்டிய ஒருவர் அவரைத் தேடி வந்து முன்னால் நிற்கிறார். வெல்ஷுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்கிறார். வந்தவர் சொன்ன பெயர்: துரைச்சாமி.

கணக்குப் போட்டால் அப்போது துரைச்சாமிக்கு முப்பத்தொரு வயதுதான். பதினாறு ஆண்டு நாடுகடத்தல் அவரைக் கிழவராக்கியிருந்தது. தனக்கு வேலெறியக் கற்றுக்கொடுத்த ஆசானின் பிள்ளை இந்த நிலையில் வந்து நின்றது நெஞ்சைக் குத்தியதாக வெல்ஷ் எழுதுகிறார். எழுதினாரே தவிர, அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

1818-ல் அந்தத் தீவின் கவர்னர் பானர்மேன். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் ஆளும் ஊரில், ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகவே அழிக்கப்பட்ட குடும்பத்தின் வாரிசு கைதியாக இருக்கிறார். கம்பெனியின் அதிகாரம் எவ்வளவு நீளமானது, அதைக் கையில் வைத்திருந்தவர்களின் வட்டம் எவ்வளவு சின்னது என்பதை இந்த ஒரு ஆண்டு காட்டிக் கொடுத்துவிடுகிறது. வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் தண்டித்தவர்களும் அந்தக் கரையில் ஆண்டவர்களும் ஒரே கூட்டம்.

பானர்மேனின் கவர்னர் வாழ்க்கையை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 1818 டிசம்பர் கடைசியில் கம்பெனி அதிகாரி ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் பினாங்குக்கு வந்தார். மலாக்கா நீரிணைக்குத் தெற்கே ஒரு துறைமுகம் பிடிக்க கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் அனுமதி அவர் பையில் இருந்தது. பானர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. நெப்போலியன் போர் முடிந்து பிரிட்டனும் ஹாலந்தும் உறவாகியிருந்த நேரம். டச்சுக்காரர்களிடம் மலாக்காவைத் திருப்பிக் கொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புதுத் துறைமுகம் பிடித்தால் டச்சுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சண்டை வராவிட்டாலும் பினாங்கின் வியாபாரம் போய்விடும். கல்கத்தாவிலிருந்து மறுபதில் வரட்டும், காத்திருங்கள் என்று ராஃபிள்ஸை நிறுத்தப் பார்த்தார். 1819 ஜனவரி 19-ல் ராஃபிள்ஸ் சத்தமில்லாமல் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 28-ல் சிங்கப்பூர்க் கடல். பிப்ரவரி 6-ல் சுல்தான் ஹுசேனோடு உடன்படிக்கை.

சிங்கப்பூரின் பொறுப்பை ராஃபிள்ஸ் ஒப்படைத்துவிட்டுப் போன அதிகாரி ஃபார்குவார் பயந்தது டச்சுத் தாக்குதலுக்கு. பினாங்கிடம் படை கேட்டு எழுதினார். பானர்மேன் மறுத்தார். எதிர்க்க வேண்டாம், இடத்தைக் காலி செய்துவிட்டு வந்துவிடுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த யோசனை. கல்கத்தாவிலிருந்து ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் கண்டனக் கடிதம் வந்த பிறகே 200 சிப்பாய்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார்.

பானர்மேனைப் பொறாமைக்காரர் என்று ராஃபிள்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் ஏசியிருக்கிறார்கள். கையில் இருந்த சின்னப் படையோடு பினாங்கைக் காக்க வேண்டிய கவர்னரின் கவலையில் நியாயம் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. 1799 செப்டம்பரில் கூடுதல் படைக்குக்கூடப் பொறுக்காமல் மண்கோட்டைமீது ஆட்களை ஏவியவர் இவர்தான். எதிரி பாளையக்காரர் என்றால் அன்றே தாக்குதல், அன்றே தீர்ப்பு, அன்றே தூக்கு. எதிரி ஐரோப்பியர் என்றால் கடிதம், ஆலோசனை, பின்வாங்கல். இருபது ஆண்டில் வயதும் பதவியும் ஒருவரை நிதானமாக்கும்தான். ஆனால் அந்த நிதானத்தில் பத்தில் ஒரு பங்கு கயத்தாற்றில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1819 மே மாதக் கடைசியில் ராஃபிள்ஸ் மறுபடி சிங்கப்பூர் போனபோது அதே கப்பலில் பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை என்ற தமிழரும் போனார். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலைப் பின்னாளில் கட்டியவர். பானர்மேன் தடுக்கப் பார்த்த ஊரில் ஒரு தமிழர் செங்கல் சூளை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1819 ஆகஸ்ட் 8-ல், பானர்மேன் பினாங்கில் இறந்தார். வயது 60. ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில், பிரான்சிஸ் லைட்டும் வேறு கவர்னர்களும் கிடக்கிற இடத்தில் புதைத்தார்கள். பதவி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மகளை மணந்திருந்த வில்லியம் பிலிப்ஸ் அடுத்து தீவின் நிர்வாகத்தை ஏற்றுக் கவர்னராகவும் ஆனார்.

டச்சுக்காரர்களைப் பற்றிய பானர்மேனின் பயம் எங்கே போய் முடிந்தது என்று பார்த்தால் கதை தூத்துக்குடிக்கே திரும்புகிறது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தூத்துக்குடி டச்சுத் துறைமுகம். முத்தும் சங்கும் துணியும் அவர்கள் கிடங்குகள் வழியாகத்தான் போயின. 1783-ல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சோதனை போட்டபோது கிடைத்த முக்கியமான பொருள், கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு நாயக்கருக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப்பிரதி. அந்தப் பாளையத்தைக் கம்பெனி விடாமல் துரத்தியதற்கு அது ஒரு பெரிய காரணம். முத்துக் கடலோரம் ஐரோப்பியப் போட்டியாளன் கையில், அதன் முதுகுப்புறத்துக் கோட்டை அவனுடைய கூட்டாளி கையில் என்றால் கம்பெனிக்குத் தூக்கம் வருமா? 1795-ல் ஆங்கிலேயர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மலாக்காவைத் திருப்பிக் கொடுத்த அதே 1818-ல் இதையும் டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1824 மார்ச்சில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டு ஊர்களின் கணக்கையும் ஒரே தாளில் தீர்த்தது: சிங்கப்பூர்மீது இனி எங்களுக்குப் பேச்சில்லை என்று டச்சுக்காரர்கள் ஒதுங்கினார்கள், இந்தியாவில் தங்களுக்கிருந்த இடங்களையும் விட்டுக்கொடுத்தார்கள். 1825-ல் தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலையாக நிற்கிறார்; தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி அந்தச் சிலையை வைத்தவர் சிவாஜி கணேசன். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை இருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்குப் பினாங்கு போன எழுபது பேரின் கதையையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்திலும் அவர்களுக்கு ஒரு கல்வெட்டு வைத்தால் தகும். முத்துக்கும் உப்புக்கும் பருத்திக்கும் பேர்போன அந்தக் கரையிலிருந்து, தோற்ற பிறகும் தலைகுனியாத ஒரு தலைமுறையும் கப்பலேறிப் போயிருக்கிறது.

பானர்மேனை இதோடு விடுவோம். அவர் சீமைக்குப் போன பிறகு திருநெல்வேலிச் சீமை அடங்கிவிட்டது என்றே கம்பெனி நம்பியது. கோட்டைகள் இடிந்து கிடந்தன, ஆயுதங்கள் பறிபோயிருந்தன, ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் பதினாறு மாதமாக அடைபட்டிருந்தார். 1801 பிப்ரவரி 2-ம் தேதி, பாளையங்கோட்டையிலிருந்த துரைமார்களும் சீமாட்டிகளும் இருபது பேர் மேஜர் மெக்காலேயின் தோட்டவீட்டு விருந்துக்குக் கூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மாறுவேடம் போட்ட ஒரு கூட்டம் சிறைவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

(தொடரும்)